ஜீவரத்தினம் கூட வந்தவங்க

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எப்போதும் மூடித்தான் இருக்கும். அன்றைக்கும்.
ஆட்டோவுக்குள் அம்மா
முழங்காலோடு முழங்காலை இறுக்கி உட்கார்ந்திருந்தாள்,
அடியில் மடித்துப் போட்ட பிளாஸ்டிக் சாக்கு.
டேங்கர் வண்டி போய்க்கொண்டே இருந்தது.
நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்.
"சீட்டு கறையாச்சுன்னா
அந்தப் பையனுக்குக் கூட அம்பது குடுத்துடு" என்றாள்.
பையன் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டு
ரயிலைப் பார்த்தான்.

பதினோரு மாசமாம்.
எண்ணெய்க் குடோனில் டின்னுக்கு மூடி அடிக்கிற வேலைக்கு
ஒருநாள் லீவு போடவில்லை.
என் பழைய நைட்டிகள் எங்கே போயின என்று
அப்போதுதான் புரிந்தது.
நான் வந்தால் வேண்டியிருக்குமென்று
எனக்கு மட்டும் கடைப் பாக்கெட் வாங்கி
பேப்பரில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில்.
எனக்கு முப்பத்தாறு வயது.

ராயபுரம் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி.
நானும் தயாளனும் பிறந்த இடம்.
வாசலில் வாட்ச்மேன் வழக்கம்போலக் கேட்டார்:
"டெலிவரியாம்மா?"
அம்மா சொன்னாள்:
"இல்லப்பா, காலி பண்றதுக்கு."

உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன்.
"ஆம்பளைங்க யாரும் வரலியா?"
வந்திருந்தான். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றான்.
ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தான், அது முடியும் அவனால்.
உள்ளே வரச் சொன்னால்
செருப்பைப் பார்க்கிறான்.

மதியம் ஒன்றேகால். கதவு பாதி திறந்தது.
"ஜீவரத்தினம் கூட வந்தவங்க!"

ஸ்டீல் தட்டு.
தோலோடு வேகவைத்த நூல்கோல் மாதிரி ஒன்று.
புடைப்புகளை நர்ஸ் கையுறை விரலால் தொட்டுத் தொட்டு
ஏழு என்றாள்.
"பாத்துட்டீங்கல்ல? இங்க கையெழுத்து."
பேனா எழுதவில்லை. உதறினேன்.
பார்த்ததற்கா, கொடுத்ததற்கா,
எதற்குக் கையெழுத்தென்று கேட்கத் தோன்றவில்லை.
அந்தக் கையகலத்தில்
நான் இருந்தேன், பிறகு தயாளன்,
எங்களுக்கு நடுவே
பெயர் வைக்காத ஒருத்தி எட்டு மாசம்.
அவளைப் பற்றி அம்மா ஒரே ஒருமுறை பேசியிருக்கிறாள்,
கரண்ட் போயிருந்த ராத்திரி,
விசிறிக்கொண்டே.

என்னுடையதை நான் ஸ்கேனில்தான் பார்த்திருக்கிறேன்.
சாம்பல் நிறம்.
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.
மாமியார் நம்பவில்லை,
வேறு ஆஸ்பத்திரியில் இன்னொன்று எடுக்கச் சொன்னார்.
எடுத்தோம். அதிலும் சாம்பல்தான்.

சாயங்காலம் அம்மா கண் திறந்தாள்.
தண்ணீர் கொடுக்கக்கூடாது,
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
"காட்னாங்களா?"
"ம்."
"என்னா கலரு?"

யாரும் என்னிடம் கேட்டதில்லை இப்படி ஒரு கேள்வி.
யோசித்தேன்.
"வெளுத்த ரோஸும்மா. நம்ம வீட்டு பக்கெட்டு கலரு."
அம்மா மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ புரை ஏறி அடங்கியது.
"கறுப்பா இருக்கும்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.
"அவ்ளோ திட்டியிருக்கேன் அத்த."

பிறகு கொஞ்சம் தூங்கினாள்.
தூக்கத்திலேயே கையைத் துழாவி
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"அந்தச் சாக்கு எங்கடி?
ஆட்டோல வுட்டுட்டியா?
குடோன்து. எண்ணி வச்சிருப்பான்."

கீழே இறங்கி ரோட்டைத் தாண்டினேன்.
டீக்கடைக்குப் பின்னால் குழாயடி.
சட்டைக் கையை மடித்துவிட்டு
தயாளன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.
பக்கத்தில் அஞ்சு ரூபாய் சோப்பு, பாதி கரைந்தது.
சாக்கைக் கம்பியில் விரித்துப் போட்டான்.
முழுசாகப் போகவில்லை.
"இன்னொரு தபா அலசணும்" என்றான்
என்னைப் பார்க்காமல்,
மறுபடி கீழே இறக்கினான்.